மூன்று வீட்டு அரிசி

நோர்வூட்டிலிருந்து மேலே வரும் பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கும் மேலே, தேயிலைக்கு நடுவே, தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கின் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் கட்டடம். முன்னால் திண்ணை போல ஓர் இஸ்தோப்பு. உள்ளே ஒரு நீண்ட அறை. உத்தரத்திலிருந்து தொங்கும் ஏழெட்டுச் சேலைத் தொட்டில்கள். பின்னால் குசினி. அந்தக் குசினி அடுப்பு இருபத்து மூன்று வருடங்களாக வேலாயியின் பொறுப்பில் இருக்கிறது.

வேலாயிக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்தாறு வயதில் கூடையோடு தண்ணீர்க் கானுக்குள் விழுந்து கணுக்கால் உடைந்தது. மலை ஏற முடியாத பெண்ணை வேறு எங்கே போடுவது என்று யோசித்த தோட்டத்துத் துரை, பிள்ளைக்காம்பராவில் ஆயாவாகப் போட்டார். அன்றிலிருந்து மேக்கணக்கில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் சோறு அவள் கையால்தான். சிலர் ஆட்களை முகத்தால் அடையாளம் வைப்பார்கள், சிலர் நடையால். வேலாயி வாயால் அடையாளம் வைப்பாள். படித்து முடித்துக் கணக்கப்பிள்ளையாகத் தோட்டத்துக்கே திரும்பி வந்த கஜேந்திரன், முதல் நாள் விறைப்பாகப் பிள்ளைக்காம்பராவைப் பார்வையிட வந்தபோது, "என்னா தம்பி, இன்னமும் பூசணிக்காயத் துப்புறீங்களா?" என்று எல்லார் முன்னிலும் கேட்டவள் அவள்.

அவளுடைய முறை மாறாது. அரைப் பிடி அரிசியைக் கழுவி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் குழைய வேகவிடுவாள். பீங்கான் தட்டில் பரப்பிக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கி, வடியில் போட்டுத் தேய்த்து இறக்குவாள். உப்பு கிடையாது, சீனி கிடையாது. மூன்று நாளைக்கு வெறும் சோறு. அப்புறம் பருப்பு. அப்புறம் கேரட், பூசணி, ஒன்றுக்கு இரண்டு நாள் இடைவெளி விட்டு. எட்டாம் மாதத்துக்கு மேல் நெத்தலியை வறுத்து இடித்த தூள் ஒரு சிட்டிகை. யாராவது புதுத் தாய் மிக்ஸியில் அடித்துக் கொண்டுவந்தால், "தண்ணியா அடிச்சிக் குடுத்தா வாய் எப்ப வேல பழகும்?" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

இவ்வளவையும் அவள் தனியாகச் செய்யவில்லை. அரிசி புடைக்கவும் பயறு வறுக்கவும் பக்கத்தில் காளியாயி இருந்தாள். கீழ் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராக்காரி. இளம் வயதில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு வலது கையில் மோதிர விரல் பாதியோடு போனவள். சொந்தப் பிள்ளை இல்லை. போன நவம்பர் மழையில் கீழ் லயத்துக்குப் பின்னாலிருந்த சரிவு இறங்கி, கடைசிக் காம்பராவின் குசினி வழியாக உள்ளே வந்தது. இரண்டாம் நாள்தான் காளியாயியைத் தோண்டி எடுத்தார்கள். அதிகாரிகள் வந்து லயத்துச் சுவரில் சிவப்புக் குறி போட்டுவிட்டுப் போனார்கள். மற்றக் குடும்பங்கள் ஸ்கூல் கட்டடத்துக்கு மாறின. அதற்குப் பிறகு புடைக்கிற வேலையும் வேலாயியின் தலையில் விழுந்தது.

இந்த ஜூன் மாதம் சர்மிளாவின் பெண் மிதுஷா வாயை மூடிக்கொண்டாள்.

சர்மிளாவுக்கு இருபத்து மூன்று வயது. புருஷன் தனுஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்ததும் வேலாயி சோறு தொடங்கினாள். கரண்டி உதட்டில் பட்டதும் மிதுஷா தலையைத் திருப்பினாள். மறுநாளும் அப்படித்தான். பருப்பு வைத்துப் பார்த்தாள், கேரட் வைத்துப் பார்த்தாள். அழுகை இல்லை, துப்பல் இல்லை. பெட்டியைப் பூட்டுவது போல வாயைப் பூட்டிக்கொள்வாள், அவ்வளவுதான். மத்தியானம் மலையிலிருந்து ஓடிவந்து சர்மிளா கொடுக்கும் பாலை மட்டும் இழுத்து இழுத்துக் குடிப்பாள். அது போதவில்லை.

பிள்ளைகளை நிறுக்க வரும் யசோதினி மிஸ் யாழ்ப்பாணத்துப் பெண். தராசுக் கொக்கியில் தொங்கிய பிள்ளையைப் பார்த்துவிட்டு அட்டையில் புள்ளி வைத்தாள்.

"போன மாசம் ஆறு கிலோ எண்ணூறு. இப்ப ஆறு அறுநூறு. பாருங்கோ வேலாயி அக்கா, கோடு கீழ இறங்குது. ரெண்டு கிழமையில திரும்ப வந்து நிறுப்பன். ஏறேல்லை எண்டால் வார்ட்டில போடத்தான் வேணும்."

சர்மிளா வார்ட் என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளையைக் கொக்கியிலிருந்து பிடுங்குவது போல எடுத்து அணைத்துக்கொண்டாள். அவளுடைய அக்காவின் ஆண் குழந்தை இப்படித்தான் மெலிந்து மெலிந்து, கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வேனுக்குள்ளேயே அடங்கிப்போனது.

"அக்கா, எப்பிடியாவது வாயத் தொறக்க வைங்க அக்கா. உங்களுக்குத் தெரியாத வாயா?"

வேலாயிக்கு மிச்சமிருந்தது ஒரே வழி. வாய் திறக்காத பிள்ளைக்கு மூன்று வீட்டு அரிசி வாங்குவது மேக்கணக்கில் பழைய வழக்கம். காலையில் பேர் பதியும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு கிண்ணத்தோடு மூன்று வாசலுக்குப் போகவேண்டும். பிள்ளையின் பெயரைச் சொல்லக்கூடாது. கொடுப்பவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூடாது, கையை மட்டும் பார்க்கலாம். மூன்று வீடு முடிந்தால் முடிந்ததுதான், நாலாவது வாசல் மிதிக்கக்கூடாது. வாங்கிய அரிசியைக் கொட்டவும் கூடாது.

அன்று காலை மூடுபனி பிள்ளைக்காம்பரா வாசல் வரை வந்து நின்றது. பிள்ளைகளை உதவிக்கு வந்த பெண்ணிடம் விட்டுவிட்டு வேலாயி கிளம்பினாள். முதல் வீடு பேச்சியம்மாவுடையது. இரண்டு பிடி போட்டதும் பேச்சியம்மாவின் கை ஓய்ந்தது, வாய் ஓயவில்லை.

"யாருக்குன்னு நான் கேக்க மாட்டேன். ஆனா சர்மிளாகிட்ட சொல்லு, அவ மாமியாளும் இப்பிடித்தான், சோறு போட்டா மூஞ்சியத் திருப்புவா!"

இரண்டாவது வீட்டில் நல்லமுத்துவின் மனைவி இரண்டு பிடி போட்டாள். அங்கிருந்து வேலாயி படி இறங்கினாள். பனியில் தன் கால்கூடத் தெரியவில்லை. ஆனால் காலுக்கு வழி தெரியும். அறுபத்திரண்டு படி, ஒரு சிறு பாலம், அதற்கப்பால் லயம். வாசல்களைச் சுவரில் கைவைத்து எண்ணிக்கொண்டே போனாள். கடைசியாக இருந்த பத்தாவது வாசலில் நின்று, குனிந்து, கிண்ணத்தை நீட்டினாள்.

கதவு அரையளவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு கை வந்தது. ஒரு பிடி போட்டது. திரும்பிப் போய் இன்னொரு பிடியோடு வந்தது. ஒரு மணி அரிசிகூட வெளியே சிந்தவில்லை. மோதிர விரல் பாதியோடு நின்றது. கிண்ணம் கையில் சில்லென்று ஆனது, மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் வைத்தது போல.

"வாறேன்" என்றாள் வேலாயி, எப்போதும் சொல்வது போல.

"ம்" என்றது உள்ளே.

பாலத்துக்கு வந்த பிறகுதான் அவள் நின்றாள். பாலத்துக்கடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. காளியாயி செத்து ஏழு மாதம் ஆகிறது என்பது அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் அவள் நினைவுக்கு வந்தது. இருபத்து மூன்று வருடங்களாக மூன்றாவது அரிசி காளியாயி வீட்டில்தான். கால் வழக்கமான இடத்துக்குப் போனது. கண் வழக்கமான கையைப் பார்த்தது. மனது மட்டும் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது.

கிண்ணத்தைப் பார்த்தாள். ஆறு பிடி. வெள்ளையும் சிவப்பும் கலந்து கிடந்தது. எது யாருடையது என்று இனிப் பிரிக்க முடியாது. கொட்டவும் கூடாது. நாலாவது வீட்டுக்குப் போகவும் கூடாது. அவள் ஓடவில்லை. உடைந்து சேர்ந்த கணுக்காலோடு ஒவ்வொரு படியாக ஏறினாள். திரும்பிப் பார்க்கவும் இல்லை.

குசினியில் அரைப் பிடி எடுத்து வேகவைத்தாள். மிச்சத்தைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். கஞ்சித் தண்ணீர் விட்டு நசுக்கி வடித்தபோது அவளுக்கே நம்பிக்கை இல்லை. கரண்டியை உதட்டருகே கொண்டுபோனாள்.

மிதுஷா வாயைத் திறந்தாள்.

ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, ஆறு கரண்டி. தட்டு காலியானதும் கையை நீட்டி இன்னும் கேட்டாள். மத்தியானம் வந்த சர்மிளா அதைப் பார்த்துவிட்டு, நனைந்த படங்குச் சாக்கைக்கூட இடுப்பிலிருந்து அவிழ்க்காமல் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மாலை வேலாயி தன் புருஷன் இராமையாவிடம் தேநீரைக் கொடுத்தபடி மெல்லக் கேட்டாள். அவன் தோட்டத்துக் காவல்காரன். எந்த வேலியில் எந்த மாடு நுழைந்தது என்பது வரைக்கும் தெரிந்தவன்.

"ஏங்க, கீழ் லயத்துப் பக்கம் ஆளுங்க யாராச்சும் வாறாங்களா?"

"யாரு வாறது? கடைசிக் காம்பராவுல கதவு நெல ஒசரத்துக்கு மண்ணு நிக்கிது. கதவுக்குப் பின்னால பூனகூட நிக்க எடமில்ல. ஏன், குடி போகப் போறியா?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கிற ஆளா நீ?" என்று சிரித்துவிட்டு அவன் தேநீரைக் குடித்தான். 

அடுத்த நாள் கடை அரிசியில் செய்து பார்த்தாள். வாய் பூட்டிக்கொண்டது. டின் அரிசியில் செய்தாள். திறந்தது. பிறகு அவள் சோதித்துப் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை அரைப் பிடி. மிதுஷாவின் கன்னம் உருண்டது. தொடையில் மடிப்பு விழுந்தது. பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் வேலாயியின் கைராசியைப் பற்றிப் பேசினார்கள்.

எட்டாம் நாள் காலை டின்னைத் திறந்தபோது வேலாயியின் கை அப்படியே நின்றது. ஆறு பிடி அரிசி. நாளுக்கு ஒரு பிடி எடுத்தால் ஏழாம் நாளே அடி தெரிந்திருக்க வேண்டும். டின் முதல் நாள் போலவே முக்கால்வாசி நிறைந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். மழைக்குப் பின் வெட்டிய கானிலிருந்து எழும் ஈர மண் வாசம். தொட்டிலில் கிடந்த மிதுஷாவின் வாயருகே குனிந்தாள். அங்கேயும் அதே வாசம்.

அன்று மத்தியானம்தான் அது நடந்தது. சர்மிளா வந்து பிள்ளையை மடியில் போட்டு மார்பைக் கொடுத்தாள். மிதுஷா தலையைத் திருப்பினாள். இந்தப் பக்கம் மாற்றினாள், அந்தப் பக்கம் மாற்றினாள். பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டு, தாயின் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தது. கீழ் லயத்துக்கு இறங்கும் படி அந்தத் திசையில்தான் இருந்தது.

"எங்கிட்ட என்னக்கா கோவம் இவளுக்கு?" சர்மிளா சிரித்தபடிதான் கேட்டாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே ஆனபோது அவள் சிரிக்கவில்லை. பால் கட்டி, ஜாக்கெட் நனைந்து, கூடையைத் தோளில் மாட்ட முடியாமல் வந்தாள். அவள் தூக்கினால் பிள்ளை யாரோ தூக்கியது போல விறைத்தது. தூங்கவைத்துவிட்டுப் போன தொட்டில், யாரும் ஆட்டாமலே, சேலை முறுக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி நிற்பதை வேலாயி இரண்டு முறை பார்த்தாள்.

யசோதினி மிஸ் வர இரண்டு நாள் இருந்தது. டின்னைத் திறந்தால் பிள்ளை தின்னும், கோடு ஏறும், வார்ட் இல்லை. ஆனால் இன்னும் இரண்டு வாரம் அந்த அரிசியைத் தின்றால் பிள்ளை யாருடையது? டின்னை மூடினால் பிள்ளை எதையும் தின்னாமல் போகலாம், பாலும் இல்லாமல். இதைத் தனியாகத் தீர்மானிக்கத் தனக்கு உரிமை இல்லை என்று வேலாயிக்குத் தோன்றியது. அன்று வேலை முடிந்து வந்த சர்மிளாவைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னாள். கால் போனது, கை வந்தது, "ம்" என்றது, டின் குறையாதது.

சர்மிளா குனிந்து அடுப்பில் சரிந்த விறகை உள்ளே தள்ளினாள்.

"காளியாயி பெரியம்மா வறுத்த மாவுதானே நானும் தின்னு வளந்தேன்" என்றாள். "கெட்டது செய்யாதுக்கா அது. புள்ளன்னா உசுரு."

"செய்யாது. நானும் அதத்தான் சொல்றேன். ஆசையா வளக்குது."

"வளக்கட்டும்னு விட்றதா?" சர்மிளாவின் குரல் உயர்ந்தது. "நான் உசுரோட இருக்கேன்ல? எம் புள்ளைக்கு நான் உசுரோட இருக்கேன்ல?"

வேலாயி டின்னை எடுத்து மூடியை அழுத்திப் பூட்டி, பாத்திரப் பலகையின் மேல் தட்டில் வைத்தாள்.

மறுநாள் சர்மிளா பெரட்டுக்குப் போகவில்லை. பிள்ளைக்காம்பராவில் பாய் விரித்து, ஜாக்கெட்டைத் தளர்த்திப் பிள்ளையோடு உட்கார்ந்தாள். எட்டு மணிக்கு மிதுஷா பசியில் சிணுங்கினாள். ஒன்பது மணிக்கு அழுதாள். மார்பைக் கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாத்திரப் பலகையைப் பார்த்து அழுதாள்.

"குடுத்துரட்டுமா?" வேலாயி ஒருமுறை கேட்டாள்.

"எழும்பாதீங்கக்கா. உக்காருங்க."

பதினொரு மணிக்கு மழை பிடித்தது. காற்று இல்லாத நேர் மழை. அதற்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சர்ர்ர் என்று இழுத்து, டப் என்று நின்று, மறுபடி சர்ர்ர். சுளகில் அரிசி புடைக்கும் சத்தம். கீழ் லயத்துப் பக்கமிருந்து. மற்றத் தொட்டில்களில் கிடந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக விழித்தன. ஒன்றும் அழவில்லை. எல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தன. அந்தக் கைவீச்சை வேலாயிக்கு நன்றாகத் தெரியும். மூன்று புடைப்புக்கு ஒரு தட்டு. பக்கத்தில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேல் கேட்டது.

ஒரு மணிக்கு மிதுஷாவின் அழுகை கீச்சாகி, பிறகு வெறும் மூச்சாக ஆனது. உதடு காய்ந்தது. சர்மிளா அவளை மார்போடு வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தபடி முன்னும் பின்னும் ஆடினாள். சத்தம் நிற்கவில்லை. வேலாயி எழுந்து குசினிக்குப் போனாள். கடை அரிசியில் அரைப் பிடி. வேகும் வரை அடுப்பை விட்டு நகரவில்லை. நசுக்கினாள், வடித்தாள். கஞ்சித் தண்ணீர் ஊற்றப் போனவள் நின்று, தட்டை அப்படியே சர்மிளாவிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதுல பீச்சு. நீ மலையிலயே கெடந்ததுல இது வரைக்கும் உம் பால்ல பெசஞ்சதே இல்ல நாம."

கட்டிய மார்பிலிருந்து பால் வர நேரமெடுத்தது. சர்மிளா பல்லைக் கடித்துக்கொண்டு பிழிந்தாள். வேலாயி கரண்டி முனையில் கொஞ்சம் எடுத்துப் பிள்ளையின் மேலுதட்டில் தடவினாள். மிதுஷா அசையவில்லை. பிறகு மூக்குச் சுருங்கியது. நாக்கு நுனி வெளியே வந்து உதட்டைத் தொட்டது.

வெளியே சத்தம் நின்றது.

பிள்ளை வாயைத் திறந்தது. விழுங்கியது. இரண்டாவது கரண்டியை விழுங்கியது. மூன்றாவது கரண்டிக்குக் காத்திராமல், தலையைத் திருப்பித் தாயின் மார்பைத் தேடியது. கிடைத்ததும் இழுத்த இழுப்பில் சர்மிளா வலியில் கத்திவிட்டாள். அப்புறம் சிரித்தாள். வேலாயி மிச்சச் சோற்றை அந்தத் தட்டிலேயே விரலால் வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

மறுநாள் தராசு ஆறு தொள்ளாயிரம் காட்டியது.

"ஏறியிருக்கு!" யசோதினி மிஸ் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "அப்பிடி என்ன குடுத்தனீங்கள்?"

"சோறும் தாய்ப்பாலும் மிஸ்."

"அதைத்தானே நானும் முதலே சொன்னனான்! ஆர் கேட்டது?"

சர்மிளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேலாயி தலையாட்டினாள்.

பகல் மூன்று மணிக்கு வேலாயி டின்னை எடுத்துக்கொண்டு அறுபத்திரண்டு படி இறங்கினாள். கொட்டக்கூடாத அரிசியைக் கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுக்கலாம். அதற்குத் தடை ஒன்றும் அவள் கேள்விப்பட்டதில்லை. பனி இல்லை. லயத்துச் சுவரில் சிவப்புக் குறிகள் தெளிவாகத் தெரிந்தன. பத்தாவது வாசலில் குனிந்து டின்னை நிலைப்படியில் வைத்தாள். கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை.

"புள்ள தாய்கிட்ட குடிக்கிது காளியாயி. சோறும் திங்கிது. ஒன்னய யாரும் மறக்கல. இது போதும், என்ன?"

 கொஞ்ச நேரம் கழித்து டின் மெதுவாக உள்ளே இழுபட்டது. தகரம் சீமெந்தில் உரசியது. மூடி திறக்கும் சத்தம். பிறகு அரிசி கொட்டும் சத்தம், பிடி பிடியாக, அவசரமில்லாமல். வேலாயி எண்ணிக்கொண்டு நின்றாள். ஆறு. அதோடு முடிந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. டின் திரும்பி வரட்டும் என்று நின்றாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கொண்டுவந்த பாத்திரத்தை எந்த வீட்டிலும் வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். இரண்டு மிளகாய், ஒரு துண்டு வெல்லம், கையில் கிடைத்தது ஏதாவது போட்டுத்தான் தருவார்கள். காளியாயி ஒருநாளும் வெறும் பாத்திரம் தந்தவள் இல்லை. அதை வாங்கினால் கொடுக்கல் வாங்கல் மறுபடி தொடங்கும்.

உள்ளே யாரோ எதையோ தேடி எடுப்பது போல மண் சரசரத்தது. டின்னுக்குள் ஏதோ ஒன்று மெல்ல வைக்கப்பட்டது. நிலைப்படியை நோக்கித் தகரம் உரசத் தொடங்கியது.

"டின் இருக்கட்டும் காளியாயி" என்றாள் வேலாயி. "நீயே வச்சிக்க."

வெறுங்கையோடு நடந்தாள். பாலத்தைத் தாண்டினாள். படிகளைக் கால் வலிக்க வலிக்க ஏறினாள். பின்னால் உரசல் நின்றதா இல்லையா என்று காது கொடுக்கவில்லை. பிள்ளைக்காம்பராவில் யசோதினி மிஸ் போகத் தயாராகிக் குடையை விரித்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், அடுத்த தடவ வரும்போது ஒரு டின் கொண்டாந்து தாறீங்களா? மூடி இறுக்கமா இருக்கணும்."

"ஏன், இருந்தது எங்க?"

"ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்" என்றாள் வேலாயி, கையைக் கழுவிக்கொண்டு.